இருட்டில் பறக்கக் கற்ற வரலாறு



விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறீர்கள். லயத்து விளக்கடியில் நின்று பார்த்தால் ரப்பர்க் காடு வெறும் கறுப்பு. இருட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்த பிறகுதான் மரமும் தடமும் ஒவ்வொன்றாகத் துலங்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீங்கள் படித்த பாடம் இது. இரவில் விமானம் ஓட்டக் கற்பவர்களுக்கும் இதுவே முதற்பாடம். அந்தக் கல்வி வளர்ந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போமா?

ஆரம்பத்தில் விமானம் பகல் பறவைதான். பொழுது சாய்ந்தால் தரை இறங்கிவிடும். அமெரிக்காவில் பகலில் விமானத்தில் போன தபாலை, இருட்டியதும் ரயிலில் ஏற்றினார்கள். "அப்படியானால் விமானம் எதற்கு?" என்று கேள்வி எழுந்தது. இதற்குப் பதில் சொல்ல 1921 பிப்ரவரி 22 அன்று நாட்டின் இரு கரைகளிலிருந்தும் தபால் விமானங்கள் புறப்பட்டன. ஒரு விமானி விபத்தில் மாண்டார். மோசமான வானிலையால் கீழ்த்திசைத் தபால் சிகாகோவோடு நின்றுபோனது.

மேற்கிலிருந்து வந்த தபாலை ஜேக் நைட் என்பவர் இரவில் ஓமஹா நகருக்குக் கொண்டுவந்தார். அங்கே அவரை மாற்றி விடவேண்டிய விமானி வந்து சேரவில்லை. பார்த்தார் நைட். அதுவரை தாம் பறந்தே இராத வழியில், சிகாகோ வரை தாமே போகத் துணிந்தார். அந்த இரவில் அவருக்கு வழிகாட்டியது எது தெரியுமா? ஊர் மக்கள் தரையில் மூட்டிய தீ! காலையில் சிகாகோ சேர்ந்தார். தபால் சுமார் 33 மணி நேரத்தில் நாட்டைக் கடந்தது. பிறகு வழிநெடுகக் கோபுர விளக்குகள் எழுந்தன. 1924 ஜூலை முதல் அங்கே இரவுத் தபால் முறையாகப் பறந்தது.

நைட்டின் பெயர் ஏட்டில் இருக்கிறது. குளிரில் விறகு அடுக்கிக் காத்திருந்தவர்களின் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்தப் பயணமும் இல்லை. உழைப்பாளிகளாகிய உங்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமோ?

இனி, நம் முன்னோர் கப்பலேறிய நாட்டுக்கு வருவோம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலுடன் ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து அது சென்னைக்குத் தொடர்ந்தது. அந்தச் சேவையும் பகலை நம்பியதே. 1949 ஜனவரி 30 அன்று இந்தியாவில் இரவு விமானத் தபால் தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களின் டக்கோட்டா விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியலுக்குள் ஊர் திரும்பும். மாலையில் சென்னையில் போட்ட கடிதம் மறுநாள் காலை டில்லியில்! ஊரிலிருந்து வரும் ஒரு கடுதாசிக்காக வாரக்கணக்கில் காத்திருந்த நம் தாத்தா பாட்டிகளை எண்ணிப் பாருங்கள். அதன் அருமை புரியும்.

சரி, இரவில் ஓட்டக் கற்பவன் என்ன படிக்கிறான்? கண் இருட்டுக்கு முழுதாகப் பழக ஏறக்குறைய 30 நிமிடம் ஆகும். பளிச்சென்ற ஒரு டார்ச்லைட் பட்டால் போதும், அத்தனையும் வீண். மங்கலான விளக்கை நேரே உற்றுப் பார்த்தால் அது மறையும். சற்று ஒதுங்கிப் பார்த்தால் தெரியும். ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 5 மணி நேர இரவுப் பயிற்சி வேண்டும். அதில் 3 மணி நேரம் ஆசிரியருடன். பிறகு தனியே 5 முறை ஏறி இறங்க வேண்டும்.

இதில் பெரிய ஆபத்து எது? விமானத்தளத்துக்கு முன்னால் கடலோ காடோ கறுப்பாகக் கிடந்தால், விமானிக்குத் தாம் அதிக உயரத்தில் இருப்பதாகவே தோன்றும். அதை நம்பித் தாழ்ந்தால் தரையில் மோதுவார். ஆகவே, தன் கண்ணையே சந்தேகித்து, உயரம் காட்டும் கருவியை நம்பப் பழகுகிறார். ஓடுபாதையோரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான வழி. நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பு என்றால், ஐயா, ரொம்பத் தாழ்ந்துவிட்டீர்கள்!

நம் ஜொகூரிலும் செனாய் விமான நிலையம் 1974-இல் திறக்கப்பட்டது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே அந்திப்பொழுது நீளாது. சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருள் சூழ்ந்துவிடும். இங்கே வானில் போகிறவனுக்கு, இரவு சீக்கிரமே வந்து நிற்கும் விருந்தாளி.

பரிசு பெற வந்திருக்கும் பிள்ளைகளே! இன்றிரவு வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பாருங்கள். விமானத்தின் இடச் சிறகில் சிவப்பு விளக்கு, வலச் சிறகில் பச்சை, வாலில் வெள்ளை. சிவப்பு உங்கள் வலப்பக்கமும் பச்சை இடப்பக்கமும் தெரிந்தால், அது உங்களை நோக்கி வருகிறது என்று பொருள். அதை ஓட்டுபவரும் ஒரு காலத்தில் உங்களைப் போல் கணக்கும் அறிவியலும் படித்த பிள்ளைதான். நாளை அந்த இடத்தில் நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்று உட்காரட்டும். கீழே விளக்கேற்றி நிற்க நாங்கள் இருக்கிறோம்.