கிளிமானூர்க் குடும்பத்தின் ஓவியக் கொடையும் நிலக்காட்சி மரபும்

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலை உள்ளிட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை அங்கே வகுக்கப்பெற்றதேயன்றிக் கலைவரலாறு அவ்வெல்லைக்குள் அடங்குவதன்று. இவ்வெல்லையூர்களுக்கு வடக்கே, திருவனந்தபுரத்தில் 1935இல் திறக்கப்பெற்ற ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத்திற்குக் கிளிமானூர் அரண்மனைக் குடும்பத்தார் ஒப்படைத்த ஓவியங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

இரவிவர்மாவுக்கு (1848–1906) முதலில் ஓவியம் பயிற்றியவர் அவர்தம் மாமன் இராசராசவர்மா. அம்மாமனோ சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவு பெற்ற மதுரை அழகிரி நாயுடுவிடம் பயின்றவர். எனவே இக்குடும்பத்தின் ஓவியக் கல்வியில் தமிழக ஓவியர் ஒருவரின் பங்கு அடித்தளமாய் அமைந்தமை புலனாகிறது.

இரவிவர்மாவின் இளவல் சி. இராசராசவர்மா (1860–1905) நிலக்காட்சி வரைவதில் தேர்ந்தவர். தமையனுடன் நாடெங்கும் பயணம் செய்தவர்; அவருக்குச் செயலாளராகவும் உடன் வரைபவராகவும் விளங்கியவர். தமையனின் ஓவியங்கள் பலவற்றில் பின்புலமாய் அமைந்த மலையும் நீரும் வானமும் இளவலின் கைவண்ணம் என்பர். இவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு 2005இல் நூலாக வெளிவந்து, இருவரும் கூடித் தொழிற்பட்ட முறையைத் தெளிவாக்கியது.

தொல்காப்பியம் நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுக்கும். புராண ஓவியத்திலோ மாந்தர் முன்னிற்க, நிலம் பின்னொதுங்குகிறது. நிலத்தை வரைந்தவர் பெயரும் உடன் மறைகிறது. 1979இல் இந்திய அரசு தேசியக் கலைச்செல்வங்களாக அறிவித்தவற்றுள் இரவிவர்மாவின் படைப்புகள் இடம்பெற்றன. இளவலின் படைப்புகள் இடம்பெறவில்லை.

இந்நிலையிற்றான் குடும்பக் கொடையின் அருமை விளங்கும். ஓவியங்கள் தனித்தனியே விலைபோயிருப்பின் தமையன் பெயர் தாங்கியவை மட்டுமே போற்றப்பட்டிருக்கும். ஒரு குடும்பத்தின் திரட்டு ஒருசேரப் பொதுவிடம் சேரும்போது, தமையனின் உருவங்களையும் இளவலின் நிலக்காட்சிகளையும் தங்கை மங்களாபாய் வரைந்த இரவிவர்மாவின் உருவப்படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட இயல்கிறது. தூரிகை வேறுபாட்டைக் கண்டு, எவர் கை எங்கு அமைந்தது எனத் துணிவதற்கு அவ்வொப்பீடே வழி.

2023 செப்டம்பரில் அக்கூட வளாகத்தில் இரவிவர்மாவின் பெயரால் தனிக் காட்சிக்கூடம் திறக்கப்பெற்றது. உடன்பிறந்தார் இருவரின் படைப்புகளும் அங்கு இடம்பெற்றுள்ளன. எனினும் கூடத்தின் பெயர் ஒருவருடையதே. ஆகவே காட்சிக் குறிப்புகளில் இளவலின் பங்கும், மதுரை அழகிரி நாயுடுவிலிருந்து தொடரும் ஆசிரிய மரபும் விளங்கப் பொறிக்கப்படுதல் வேண்டும். கொடுத்தவர் ஓவியங்களோடு ஒரு குடும்பத்தின் கூட்டுழைப்பையும் கொடுத்துள்ளனர். அதனைப் பிரியாது காத்தல் பெற்றவர் கடன்; அதன் தமிழக வேர்களை ஆவணங்கொண்டு நிறுவுதல் தமிழாய்வாளர் கடன்.