இறங்கித் தள்ளியவர் ஜெயித்த கதை

மலை ஏறும் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு முதல் தடவை பெயர் கொடுக்கிற எல்லாருக்கும் பயம் ஒன்றுதான். தூரமும் இல்லை, மழையும் இல்லை. "நடுவழியில் இறங்கித் தள்ள வேண்டி வந்தால் மானம் போய்விடுமே!" இங்கே தீவிலிருந்து நீலகிரிக்கு சைக்கிளோடு கிளம்ப நினைக்கும் நம்மவர்கள் சிலரும் இதையேதான் கேட்கிறார்கள். வரலாறு இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903-ல் தொடங்கியது. நோக்கம் ரொம்ப எளிது: 'லோட்டோ' என்ற பத்திரிகை அதிகமாக விற்க வேண்டும். அதன் ஆசிரியர் ஆன்ரி டெக்ரான்ஜ். அவரிடம் வேலை பார்த்த அல்ஃபோன்ஸ் ஸ்டைனேஸ், பிரனீஸ் மலைத்தொடர் வழியாகப் பந்தயத்தை விடலாம் என்று நச்சரித்தார். 1910 தொடக்கத்தில், பனிக்காலத்தில், 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயைப் பார்க்கக் காரில் போனார். கார் பனியில் நின்றுவிட்டது. இருட்டில் நடந்தே கணவாயைக் கடந்து, வழி தப்பி, விழுந்து எழுந்து, நடுராத்திரிக்கு மேல் ஊர் போய்ச் சேர்ந்தார். மறுநாள் ஆசிரியருக்குத் தந்தி: பாதை நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம்! நம்மூர் ரோடு காண்ட்ராக்டர் கொடுக்கும் சான்றிதழ் மாதிரி இருக்கிறதா? :-)

அந்தத் தந்தியை நம்பி, 1910 ஜூலை 21 அன்று லுஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர், ஒரே நாளில். பேரேசூர்த், ஆஸ்பான், தூர்மலே, ஓபிஸ்க் என்று பெரிய ஏற்றங்கள் வரிசையாக. சைக்கிளில் இன்று மாதிரி கியர் கிடையாது. பாதை மண்ணும் கல்லும். உலகத்திலேயே தேர்ந்த வீரர்களுக்கும் அது முதல் அனுபவம்.

அன்று ஜெயித்தவர் ஒக்தாவ் லாபீஸ். சுமார் 14 மணி நேரம் பிடித்தது. தூர்மலே உச்சியை முதலில் தொட்டவரும் அவர்தான். எப்படித் தொட்டார் தெரியுமா? கொஞ்சம் மிதித்து, கொஞ்சம் இறங்கித் தள்ளி! ஓபிஸ்கில் நின்ற அமைப்பாளர்களைப் பார்த்து "கொலைகாரர்கள்" என்று கத்திவிட்டுப் போனார். அந்த வருடப் பந்தயமும் அவருக்கே. தூர்மலேயில் இறங்காமல் மிதித்தே ஏறிய குஸ்தாவ் காரிகூவுக்கு 100 பிராங்க் தனிப் பரிசு கிடைத்தது. ஆக, தள்ளாமல் ஏறியவருக்குச் சிறப்புப் பரிசு, தள்ளி ஏறியவருக்கு வெற்றி.

இந்தக் கஷ்டத்தில் பாதி வேண்டாத கஷ்டம். கியர் அப்போதே இருந்தது. செந்த்-எத்தியென் ஊர்க்காரரான பால் தெ விவி (1853-1930) அதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். 'வெலோசியோ' என்பது அவர் புனைபெயர். ஆனால் கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்பது டெக்ரான்ஜின் கட்சி. நாற்பதுகளில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வது! சங்கிலியை மாற்றும் டிரெய்லர் கியர் டூர் டி பிரான்ஸில் அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், கியர் என்பது தவணைத் திட்டம். மலையின் உயரம்தான் அசல். அதில் ஒரு பைசா குறையாது. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் கட்ட வேண்டிய தொகை சின்னதாகும், தவணைகளின் எண்ணிக்கை கூடும். முன்னால் மிகச் சிறிய பல்சக்கரம், பின்னால் மிகப் பெரியது. அதில் வெட்கம் எதற்கு?

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் விட்டபோது, 12 அடிக்கு 1 அடி ஏறும் பாதையில் எஞ்சினே வழுக்கும் என்று நடுவில் பல் தண்டவாளம் போட்டார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டி பாதையில் அதைவிடச் செங்குத்தான இடங்கள் உண்டு. 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' பயணத்தில் பேர் வாங்கிய ஏற்றம் இது. ஏற வேண்டிய உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல். அந்தமானின் உச்சியான சாடில் பீக்கே 732 மீட்டர்தான்!

தீவுக்கு சைக்கிள் புதிதில்லை. 2004 சுனாமியில் தப்பிப் பிழைத்த டெபோரா ஹெரால்டு இந்தியாவின் முன்னணி வீராங்கனை ஆனார். எசோ ஆல்பன் 2018-ல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி, 2019-ல் குழுவாகத் தங்கம் வென்றார். ஆனால் அது மைதானத்து வேகம். மலைக்கு வேண்டியது பொறுமை.

இங்கே பயிற்சிக்கு நீண்ட ஏற்றம் கிடையாது. டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங்குக்கு அப்பால் ஜாரவா காப்பகம், வண்டிகள் கான்வாயாகத்தான் போகலாம். ஆனால் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) முழுக்க மேடு பள்ளம்தானே. ஒரே மேட்டைப் பத்து முறை ஏறுங்கள். பிரேக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள், இறக்கம்தான் ஆபத்து.

வெலோசியோ சொன்ன அறிவுரை நூறு வருடம் தாண்டியும் மாறவில்லை: பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி. அதற்கும் மேல் முடியவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். லாபீஸே தள்ளினார்.