ஆன்டெனா பார்த்த திசை: முத்துக்குளித்துறைக் கரையில் நகைச்சுவை, துப்பறியும் தொடர் ரசனையின் வரலாறு

பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் தமிழ் ரசிகர்களிடையே இரண்டு வழக்குகள் தீராமல் நடக்கும். சிரிக்க வைத்ததில் எது முந்தும்: ‘ரமணி வெர்சஸ் ரமணி’யா, ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வா? மர்மத்தில் எது உசத்தி: ‘விடாது கருப்பு’வா, ‘பியோம்கேஷ் பக்ஷி’யா? இதை வெறும் அரட்டை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒரு ஊர் எந்தத் தொடரை எந்தத் தொடரோடு நிறுத்திப் பார்க்க முடிந்தது என்பதற்கும், எந்த அளவுகோலால் அளந்தது என்பதற்கும் தனி வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தூத்துக்குடியையும் அதையொட்டிய முத்துக்குளித்துறைக் கரையையும் களமாகக் கொண்டு தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கரையைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் இருப்பிடம். தூத்துக்குடியிலிருந்து நேர்கோட்டில் கொழும்பு ஏறத்தாழ 280 கி.மீ.; சென்னையோ 500 கி.மீ.க்கும் அப்பால். ஆகவே ஒலியும் ஒளியும் இங்கே தலைநகரிலிருந்து வருவதற்கு முன் கடலிலிருந்து வந்தன. அலை வந்த திசையும் அதன் நம்பகத்தன்மையும் ரசனையின் அளவுகோலைத் தீர்மானித்தன என்பதும், நகைச்சுவை முதலில் வேரூன்றி மர்மத் தொடர் பின்னர் வளர்ந்ததற்கு அதுவே பெரிய காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

படத்துக்கு முன் குரல்

நாடகம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் வழிவந்த இசை நாடகத்தில் கதை எதுவானாலும் பபூன் வந்து கலகலப்பாக்கியே ஆக வேண்டும். கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் புனிதர் சரிதைகளை ஆடும் வாசகப்பா நாடகங்களும் நடந்துவந்தன. விடிய விடிய நாடகம் பார்த்து, மறுநாள் நடிகர்களை எடைபோட்டுப் பேசும் பழக்கம் தொலைக்காட்சிக்கு மிக முந்தியது.

அந்தப் பழக்கத்துக்கு வானொலி புதுத் தீனி போட்டது. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. கரையின் தொழில் இப்படி மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணிகளைப் போலவே இலங்கை வானொலியும் இருகரையையும் இணைத்தது. தென்மாவட்டங்களில் அதன் தமிழ்ச் சேவைக்கு இருந்த செல்வாக்கு பரவலாக அறியப்பட்டது. பாட்டுகளுக்கு அடுத்தபடியாக அது தந்த பெரிய கொடை நாடகங்கள்.

அவற்றுள் எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ இந்த ஆய்வுக்கு முக்கியமானது. இலங்கை முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் என வெவ்வேறு பேச்சுகள் ஒன்றோடொன்று மோதுவதில்தான் அதன் சிரிப்பு பிறந்தது. பாத்திரங்கள் நடிகர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டன: மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்தது. முகம் தெரியாத நிலையில் நல்ல நடிகர் யார் என்பதைக் காது மட்டுமே முடிவு செய்தது. இக்கரையின் முதல் அளவுகோல் குரல்.

கடல் தாண்டி வந்த படம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலை தென்கோடியை எட்டவில்லை. இலங்கையில் 1979 ஏப்ரலில் ஐ.டி.என். தொலைக்காட்சி தொடங்கியது, 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மை ஒளிபரப்பி, இலங்கையின் மிக உயர்ந்த மலையான 2,524 மீட்டர் பிதுருதலாகலவின் உச்சியில் நின்றது. தூத்துக்குடி, இராமநாதபுரம், நெல்லை, குமரிப் பகுதிகளில் மொட்டை மாடிகளில் நெடிய இரும்புக் குழாய்கள் முளைத்தன. அவற்றின் நுனியில் மீன் முள்போல அலுமினியக் கம்பிகள் தென்கிழக்கு நோக்கி நின்றன. கம்பியில் ஒரு பூஸ்டர், கீழே ஒரு பெட்டி. மாடியில் ஒருவர் குழாயைத் திருக, ‘இப்போ தெரியுதா?’ என்று கேட்க, வீட்டுக்குள்ளிருந்து பதில் போகும்.

படம் தெளிவது காற்றைப் பொறுத்தது. மன்னார் வளைகுடாவின் பரப்பையொட்டி ஈரக்காற்றும் அதற்கு மேல் வறண்ட வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலைகள் வானுக்குத் தப்பிவிடாமல் கடல்மட்டத்தோடு வளைந்து நெடுந்தூரம் வரும். காற்றடித்து அந்த அடுக்கு கலைந்தால் திரை முழுக்கப் புள்ளி. ஓர் இரவு கண்ணாடிபோலத் தெரிந்த படம் மறுநாள் மறைந்துபோகும்.

இந்த நிலையற்ற அலை நகைச்சுவையையும் மர்மத்தையும் ஒன்றுபோல நடத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நகைச்சுவைத் தொடரில் நடுவே ஐந்து நிமிடம் புள்ளியில் கரைந்தாலும் மீதி சிரிக்க வைக்கும். துப்பறியும் கதையில் கடைசி ஐந்து நிமிடம் போனால் கொலையாளியே போய்விடுவான். சிங்களமும் ஆங்கிலமும் புரியாத வீட்டில் துப்பு எது, பொய்ச்சாட்சி எது என்று பிரித்தறிவதும் கடினம். முகச்சேட்டைக்கும் தடுமாற்றத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் விற்கப்பட்ட ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற பிரிட்டிஷ் தொடர் இதற்கு நல்ல சான்று. பல நாட்டவர் ஆங்கிலம் படிக்கும் ஒரு வகுப்பறையே அதன் களம். 1977இல் தொடங்கிய அத்தொடரில் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். ஆளுக்கொரு விதமாக மொழியைச் சிதைக்கும் அந்த வகுப்பறை, ‘கோமாளிகளின் கும்மாளம்’ கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது. அதே வேளை இன்று பார்க்கையில், ஒவ்வோர் இனத்தையும் ஒரு வார்ப்பில் அடைத்துச் சிரித்த அதன் போக்கு உறுத்தவே செய்கிறது. இக்காலத்தின் அளவுகோல் முகமும் உடலும்.

டெல்லி வழி

அண்டை நாட்டு அலை இந்திய வீடுகளுக்குள் வருவதை அரசு கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. 1984இல் நாடெங்கும் குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. கொடைக்கானலில் உயர்சக்தி ஒளிபரப்பியும், பின்னர் இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரக் கோபுரமும் எழுந்தன. ஆனால் சிறிய ஒளிபரப்பிகள் செயற்கைக்கோள் வழியாக டெல்லி நிகழ்ச்சியைத்தான் அஞ்சல் செய்தன. தூர்தர்ஷன் வந்தும் தமிழ் வரவில்லை. சிங்களத்தின் இடத்தில் இந்தி வந்தது.

இங்கும் நகைச்சுவை எளிதில் கடந்தது. குந்தன் ஷா இயக்கிய ‘யே ஜோ ஹை ஜிந்தகி’யில் (1984) சதீஷ் ஷா வாரத்துக்கு ஒரு வேடத்தில் வந்தார், இந்தி தெரியாதவரும் வேடத்தை அடையாளம் கண்டு சிரிக்கலாம். மர்மத்துக்கு வழி திறந்தது பங்கஜ் பராஷர் இயக்கிய ‘கரம்சந்த்’ (1985). கறுப்புக் கண்ணாடி, ஓயாமல் கடிக்கும் கேரட், வெகுளியான உதவியாளர் கிட்டி என்று துப்பறிவாளரே வேடிக்கை மனிதராக வந்தார். பாதி புரிந்த கதையையும் அந்தச் சேட்டைகள் தூக்கிச் சுமந்தன. கரம்சந்தாக நடித்த பங்கஜ் கபூர்தான் 1993இல் ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ஜின் இந்தி வடிவமான ‘ஜபான் சம்பால்கே’யில் ஆசிரியராக வந்தார். அதே ஆண்டில் பாசு சாட்டர்ஜியின் ‘பியோம்கேஷ் பக்ஷி’யில் ரஜித் கபூர் நிதானமான, அதிகம் பேசாத துப்பறிவாளராகத் தோன்றினார். துப்பறிவாளன் சிரிக்க வைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு இரு விடைகள் கிடைத்துவிட்டன. ரசிகரின் ஒப்பீட்டுக்குப் பாத்திர வார்ப்பு மூன்றாவது அளவுகோலானது.

சபாவும் சாம்புவும்

சென்னைத் தமிழ் நிகழ்ச்சிகள் கரைக்கு எட்டியபோது அவற்றோடு வந்தது சபா நாடகம். எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’, சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ முதலியவை பத்திரிகைத் தொடரும் மேடையும் வளர்த்த சிரிப்பு. காமிராவைவிட வசனத்தை நம்பியவை. தேவன் ஆனந்த விகடனில் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’வும் தொலைக்காட்சிக்கு வந்தது, சாம்புவாகக் காத்தாடி ராமமூர்த்தி நடித்தார். தற்செயலாகவே குற்றவாளியைப் பிடித்துவிடும் சாம்பு, கரம்சந்துக்குப் பல்லாண்டு மூத்தவர். தமிழில் துப்பறிதலும் நகைச்சுவையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு அவரே சாட்சி.

ஆயினும் ஒரு விலகல் இருந்தது. சபாத் தமிழ் பெரும்பாலும் மயிலாப்பூர் வீட்டுத் தமிழ். ‘ஏலே’ என்றும் ‘வாலே’ என்றும் விளிக்கும் ஊரில் அது ரசிக்கப்பட்டாலும், தன் வீட்டுப் பேச்சாக ஒலித்திருக்காது. தமிழ் வந்தபின்தான் எந்தத் தமிழ் என்ற கேள்வியும் வந்தது.

கேபிள் காலம்

1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியது, அடுத்த ஆண்டு ராஜ் டி.வி. வந்தது. ரசனை வரலாற்றில் சேனல்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய மாற்றம் கேபிள் கம்பி. காற்றடித்தாலும் படம் போகாது. மின்சாரம் இருந்தால் போதும். வாரக்கணக்கில் நீளும் மர்மக் கதையை நம்பித் தொடர்வதற்கு இந்த உறுதி தேவைப்பட்டது.

அந்த வேளையில் வந்தது ‘மர்மதேசம்’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய வரிசை அது. அதில் ‘விடாது கருப்பு’ தென்மாவட்டக் கிராமத்தானுக்கு நெருக்கமான ஒன்றைக் கையில் எடுத்தது: ஊர்க்காவல் தெய்வமான கருப்பசாமி. ஊரில் விழும் கொலைகளைச் செய்வது தெய்வமா, மனிதனா? குதிரைக் குளம்பொலி, இருட்டு, பேரனுக்கும் பாட்டிக்குமான உறவு என்று கதை நகர்ந்தது. சாம்புவின் வழக்குகளில் ரசிகர் வெளியே நின்று சிரித்தார். இங்கே அவருடைய நம்பிக்கையே சாட்சிக் கூண்டில் ஏறியது. வாரம் ஒருமுறை வந்ததால், ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே ஊகத்துக்கு இடமிருந்தது. குரல், முகம், பாத்திரம் ஆகியவற்றுக்குப் பிறகு முழுக்கதையின் கட்டுமானம் அளவுகோலாவது இப்போதுதான்.

இதே நாகாதான் ‘ரமணி வெர்சஸ் ரமணி’யையும் இயக்கினார். ஒரே பெயர் கொண்ட கணவன் மனைவியின் சின்னச் சின்னச் சண்டைகளே அதன் கதை. ‘விடாது கருப்பு’வில் நடித்த தேவதர்ஷினி அதன் இரண்டாம் பாகத்தில் சிரிக்க வைத்தார். இரண்டு தொடர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே கைத்திறன் தெரியும். சாதாரண வீட்டு அறையை அச்சமூட்டும் இடமாகவும் வேடிக்கையான இடமாகவும் மாற்றுவது, எந்த நொடியில் எதைக் காட்டாமல் வைக்கிறோம் என்பதே. ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வில் எம்.எஸ். பாஸ்கரின் பட்டாபியோ வேறு வகை: பபூன் மரபின் நேர் வாரிசு. ஆகவே ‘ரமணி’யா, ‘பாப்பா’வா என்ற வாக்குவாதத்தின் அடியில் இருப்பது சபாவுக்கும் திருவிழா மேடைக்கும் இடையிலான பழைய வழக்கு. முன்னது சொல்லையும் இடைவெளியையும் நம்புவது; பின்னது உடலையும் மிகையையும் நம்புவது.

மிஞ்சியவற்றின் போட்டி

இணையம் ஒப்பீட்டின் விதிகளை மறுபடி மாற்றியது. ‘மர்மதேசம்’, ‘ரமணி வெர்சஸ் ரமணி’ இரண்டும் யூடியூபில் கிடைப்பதால், அவை வந்தபோது பிறக்காதவர்களும் இன்று கட்சி கட்டுகிறார்கள். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ‘பியோம்கேஷ் பக்ஷி’யை மறுஒளிபரப்பியதும் அதற்குப் புது ரசிகர்களைத் தேடித் தந்தது. புஷ்கர் காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ (2022) போன்ற தொடர்கள் வந்தபின் பழைய மர்மத் தொடர்கள் புதியவற்றோடும் மோத வேண்டியிருக்கிறது. 2025இல் வந்த அதன் இரண்டாம் பருவம் கடலோர ஊரில், வேடமணியும் திருவிழாவின் நடுவே நிகழ்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசராவுக்கு விரதமிருந்து வேடம் கட்டுவோரைப் பார்த்து வளர்ந்தவர், கதை விறுவிறுப்பா என்று மட்டும் கேட்கமாட்டார். வேடம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்றும் கேட்பார். நம் ஊரை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பது இக்காலம் சேர்த்த அளவுகோல்.

ஆனால் இந்தப் போட்டியில் எல்லாரும் களத்தில் இல்லை. முழுமையாகப் பாதுகாக்கப்பட்டு, எளிதில் கைக்கெட்டும் தொடர்களே மீண்டும் மீண்டும் ஒப்பிடப்படுகின்றன. வானொலி நாடகங்களும் தொடக்ககாலத் தமிழ்த் தூர்தர்ஷன் தொடர்களும் பெரும்பாலும் நினைவிலிருந்து மட்டுமே வாதாடுகின்றன.

முடிவுரை

இக்கரையில் நகைச்சுவைக்கு முதலிடம் கிடைத்ததை மக்களின் இயல்பான நகைச்சுவை உணர்வு என்று மட்டும் விளக்கினால் போதாது. புள்ளி விழுந்த படத்திலும் புரியாத மொழியிலும் பிழைக்கக்கூடிய வகை அதுவாக இருந்தது. மர்மத் தொடர் வேரூன்றத் தாய்மொழியும் தடைபடாத ஒளிபரப்பும் சேர்ந்து வரவேண்டியிருந்தது. அவை 1990களில்தான் ஒருங்கே வாய்த்தன. இரு வகைகளையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்துவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. சாம்பு, கரம்சந்த், நாகா என்று அடுத்தடுத்து இரண்டும் ஒரே கையில் இருந்திருக்கின்றன. தரவரிசையை நம்புவதற்கு முன் ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பட்டியல் போடுபவர் வீட்டு ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்திருந்தது? அதைக் கேட்டுப் பதிவுசெய்ய, ரூபவாஹினியை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. வாய்மொழி வரலாற்றுப் பதிவை இக்கரையில் உடனே தொடங்குவது தமிழ் ஊடக ஆய்வின் அடுத்த பணி.