கம்ப்ரசரைக் காத்த செம்புக்கம்பி

எண்பதுகளில் மதுரையில் ஒரு வைண்டிங் கடையில் நான் தொழில் பழகியபோது ஏசி வேலை அபூர்வம். வந்தவை பெரும்பாலும் டி.வி. ஸ்டெபிலைசர்கள். 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டி.வி. வந்தது, ஊருக்கு ஊர் இந்தத் தொழிலும் முளைத்தது. கொச்சியில் வி-கார்டு 1977-இல் தொடங்கியதும் ஸ்டெபிலைசரில்தான். எங்கள் பட்டறைச் சரக்கு எளிமையானது. பாபினில் எனாமல் கம்பி சுற்றி, இடையிடையே டேப் எடுத்து, ஸ்டாம்பிங் தகடு செருகி, வார்னிஷில் முக்கிக் காயவைப்போம். முகப்பில் ஒரு ரோட்டரி சுவிட்ச், ஒரு வோல்ட் மீட்டர். முள் இறங்கினால் வீட்டுக்காரரே எழுந்துவந்து திருப்ப வேண்டும்.

வீட்டுக்கு வரும் வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றன 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள். 230 என்றால், ஏறத்தாழ 216 முதல் 244 வரை. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் அது நின்றது. மெல்லிய கம்பியில் நெடுந்தூரம் ஓடிய லைனின் கடைசி வீட்டில், பம்ப்செட் ஓடும் நேரத்திலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் 160, 170தான். இரண்டு ஃபேஸ் மட்டும் வரும்போது கண்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டிய விவசாயிகளும் உண்டு. பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு அவர்களால் இருக்க முடியுமா? அந்தச் சுமையும் லைன்மேல்தான் விழுந்தது.

லோ வோல்டேஜில் டி.வி.யின் படம் சுருங்கும், அவ்வளவுதான். ஏசியின் கதை வேறு. கம்ப்ரசருக்குள் இருப்பது மோட்டார். 160 வோல்ட்டில் அதன் சுழல்விசை பாதிக்கு வந்துவிடும். வாயுவின் அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும். நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பலமடங்கு கரண்ட் இழுக்கும். ஓவர்லோடு சுவிட்ச் விட்டு விட்டுச் சேர்ந்து, ஒருநாள் காயில் கருகும். கரண்ட் போன கையோடு திரும்பி வந்தாலும் இதே ஆபத்துதான்.

அதனால் ஏசிக்கென்று கட்டிய ஸ்டெபிலைசரில் ரிலேயே டேப் மாற்றியது. எல்லை தாண்டினால் கட்-ஆஃப். திரும்பக் கரண்ட் வந்தால், உள்ளே அழுத்தம் சமனாகட்டும் என்று சுமார் 3 நிமிடம் பொறுத்தே விட்டது. ஒன்றரை டன்னுக்கு 4 கேவிஏ என்பது கடைக்காரர்களின் வாய்ப்பாடு ஆனது. செம்புக்குப் பதில் அதே தடிமனில் அலுமினியம் சுற்றினால் சூடு தாங்காது. அதனால்தான் செம்பையே வற்புறுத்தினோம்.

இன்றைய இன்வெர்ட்டர் ஏசி, வரும் மின்சாரத்தை டிசியாக்கித் தானே மோட்டாருக்கு ஊட்டுகிறது. ஏற்ற இறக்கத்தை நன்றாகத் தாங்கும். அதன் கையேட்டில் சொன்ன எல்லைக்குள் உங்கள் வீட்டு வோல்டேஜ் நின்றால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆனால் தெருவில் நியூட்ரல் அறுந்தால் வோல்டேஜ் 400-ஐ நெருங்கிவிடும். முதலில் போவது ஏசியின் சர்க்யூட் போர்டு. அங்கே வேண்டியது உடனே துண்டிக்கும் ஹை வோல்டேஜ் கட்-ஆஃப். அதை வாங்கத் தயங்காதீர்கள்.

விதிப்புத்தகம் சொன்ன 216-க்கும் கடைசி வீட்டில் வந்த 160-க்கும் நடுவிலிருந்த பள்ளத்தைப் பல பத்தாண்டுகள் நிரப்பியவை வீட்டுக்காரரின் காசும் வைண்டிங்காரரின் உழைப்பும். தமிழ்நாட்டு மின்சார வரலாற்றை எழுதுகிறவர்கள் பைக்காரா, மேட்டூர் மின்நிலையங்களின் வரிசையில் இந்தப் பட்டறைகளையும் சேர்க்க வேண்டும்.