திரைக்குப் பின்னே விஞ்ஞானம்

விஞ்ஞான வரலாறு என்றால் வெற்றிகளின் வரிசை என்றே நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது, ‘பார்ட்டிகிள் ஃபீவர்’ என்னும் 2013ஆம் ஆண்டுப் படம். ஜெனீவாவுக்கு அருகே, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் சுரங்கத்து முயற்சியை அது காட்டுகிறது. பௌதிகம் பயின்ற மார்க் லெவின்சன் அதன் இயக்குநர்.

2008 செப்டம்பர் 10 அன்று துகட்கற்றை முதன்முறையாக வலம் வந்தது, ஆய்வாளர் ஆரவாரித்தனர். ஒன்பதே நாளில் மின்னிணைப்பொன்று பழுதுற்றது, ஹீலியம் கசிந்தது, காந்தங்கள் சிதைந்தன. செப்பனிட ஓராண்டுக்கு மேலாயிற்று. ஆயினும் படப்பிடிப்பு நிற்கவில்லை. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பு வெளியாயிற்று.

அந்த ஒருநாளை மட்டும் படமெடுத்திருந்தால் அது விழாப் படமாகவே முடிந்திருக்கும். சோர்ந்த முகங்களையும் காட்டியதாலன்றோ அது வரலாறாயிற்று! உங்கள் சோதனை தவறும் நாளில், குறிப்பேட்டின் அப்பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்.