மருத்துவத்துறையில் அரசு-தனியார் கூட்டு முயற்சி

மருத்துவத்துறையில் அரசு-தனியார் கூட்டு முயற்சி என்பது மருத்துவமனை முதலிய வசதிகளுக்கு நிதி திரட்டவும், அவற்றைக் கட்டவும், நடத்தவும் அரசும் தனியார் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொள்ளும் முறை ஆகும். இது தனியார்மயமாக்கலில் இருந்து வேறுபட்டது. தனியார்மயமாக்கலில் உரிமையும் பொறுப்பும் தனியாரிடம் சென்றுவிடுகின்றன. கூட்டு முயற்சியில், ஒப்புக்கொண்ட சேவை மக்களுக்குக் கிடைக்கிறதா எனக் கண்காணிக்கும் கடமை அரசிடமே இருக்கும்.

வகைகள்

கட்டுமான முறை: தனியார் நிறுவனம் தன் முதலீட்டிலும் கடனிலும் மருத்துவமனையைக் கட்டும். அரசு அதற்கான தொகையைப் பல ஆண்டுகளுக்குத் தவணையாகச் செலுத்தும். ஐக்கிய இராச்சியத்தில் 1992 ஆம் ஆண்டில் அறிமுகமான தனியார் நிதித் திட்டத்தின் கீழ்ப் பல மருத்துவமனைகள் இவ்வாறு கட்டப்பட்டன. தனியார் பெறும் கடனுக்கு வட்டி அதிகம் என்பதால் இத்திட்டம் செலவு மிகுந்தது என விமர்சிக்கப்பட்டது. 2018 இல் புதிய ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டன.

நிலச் சலுகை முறை: அரசு நிலத்தையோ பங்கு மூலதனத்தையோ வழங்கும். அதற்கு ஈடாக நிறுவனம் ஏழை நோயாளிகளுக்கு இலவச மருத்துவம் அளிக்கும்.

சேவைக் கொள்முதல் முறை: அரசு கட்டடம் கட்டுவதில்லை, தனியார் அளிக்கும் சேவைக்குப் பணம் செலுத்தும்.

தில்லி எடுத்துக்காட்டு

நிலச் சலுகை முறைக்கு இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு தில்லியிலுள்ள இந்திரப்பிரஸ்தா அப்பல்லோ மருத்துவமனை ஆகும். 1988 இல் தில்லி நிருவாகமும் அப்பல்லோ குழுமமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒரு கூட்டு நிறுவனம் உருவானது. இதில் அரசுக்கு 26% பங்கு உண்டு. 15 ஏக்கர் அரசு நிலம் 1 ரூபாய் என்ற அடையாள வாடகைக்குக் குத்தகையாகத் தரப்பட்டது. மருத்துவமனை 1996 இல் செயற்படத் தொடங்கியது.

இதற்கு ஈடாக, 600 படுக்கைகளில் மூன்றில் ஒரு பங்கிலும், புறநோயாளிகளில் 40 விழுக்காட்டினருக்கும் இலவச மருத்துவம் அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் "இலவசம்" என்ற சொல்லின் பொருளே வழக்காக மாறியது. மருந்துகளும், ஊசிக்குழல் போன்ற நுகர்பொருட்களும் இதில் அடங்கா என்பது நிறுவனத்தின் வாதம். மருந்துக்குப் பணம் கட்ட இயலாத ஏழைக்குப் படுக்கை மட்டும் இலவசமாகக் கிடைப்பதால் பயனில்லை என்பது எதிர்வாதம்.

வழக்கறிஞர் சங்கம் ஒன்று 1997 இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2009 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருந்துகளும் நுகர்பொருட்களும் உட்பட அனைத்தும் இலவசமாகவே வழங்கப்பட வேண்டும் என அது கூறியது. நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 2025 மார்ச்சில் அம்மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம், இலவச மருத்துவம் அளிக்கப்படாவிட்டால் மருத்துவமனையை எய்ம்சிடம் ஒப்படைக்க நேரும் என எச்சரித்தது. கடந்த ஐந்து ஆண்டுப் பதிவேடுகளை ஆய்வு செய்யவும் ஆணையிட்டது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் சேவைக் கொள்முதல் முறையே பரவலாக அறியப்பட்டது. 2008 இல் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை அரசு நிதியில் இயங்குகிறது. அதை நடத்துவது ஒரு தனியார் அமைப்பு. 2009 இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டன. இவற்றில் அரசு காப்பீட்டுத் தவணையைச் செலுத்தும். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை சிகிச்சை அளித்த பின் அதற்குரிய தொகையைப் பெறும். 2012 திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் இத்தொகையைப் பெறுகின்றன.

நிறைகளும் குறைகளும்

நிலச் சலுகை முறையில் அரசின் பங்கு முன்கூட்டியே கைமாறிவிடுகிறது. நிறுவனத்தின் பங்கோ பல ஆண்டுகளுக்கு நாள்தோறும் நிறைவேற்றப்பட வேண்டியது. எனவே இலவசப் படுக்கைகளைத் தொடர்ந்து எண்ணிச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாவிடில், நிபந்தனை ஏட்டளவில் நின்றுவிடக்கூடும். காப்பீட்டு முறையில் பணம் சிகிச்சைக்குப் பின்னரே செல்வதால் இச்சிக்கல் குறைவு. ஆயினும் தேவையற்ற சிகிச்சைகளுக்குத் தொகை கோரப்படும் வாய்ப்பு உண்டு. மேலும், மருத்துவமனையே இல்லாத ஊரில் காப்பீட்டு அட்டை மட்டும் புதிய மருத்துவமனையை உருவாக்குவதில்லை.