2⁶⁷ − 1: பகு எண் எனத் தெளிந்ததும் காரணி கண்டதும்

பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644இல் வெளியிட்ட நூலொன்றில், 257 வரையுள்ள எண்களில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றை அடுக்காகக் கொள்ளும்போது மட்டுமே 2ⁿ − 1 பகா எண்ணாகும் என்றார். இவ்வாறு அமையும் பகா எண் ஒவ்வொன்றும் யூக்ளிடின் விதிப்படி ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பதால் இப்பட்டியல் மதிப்புப் பெற்றது. ஆனால் அதற்கு நிறுவல் எதுவும் தரப்படவில்லை.

பட்டியலின் 67ஆம் அடுக்குக்குரிய எண் 147573952589676412927. இருபத்தோரு இலக்கங்கள் கொண்டது. இது பகு எண் என்பதை 1876இல் எதுவார் லூகா நிறுவினார். அவர் வகுத்த சோதனை, எண்ணின் காரணிகளைத் தேடுவதன்று. ஒரு தொடர்வரிசையின் குறிப்பிட்ட உறுப்பு அவ்வெண்ணால் மீதியின்றி வகுபடுகிறதா என்று மட்டுமே பார்ப்பது. மீதி எஞ்சினால் எண் பகுபடும் என்பது உறுதி; எவற்றால் பகுபடும் என்பதை அம்மீதி உணர்த்துவதில்லை.

காரணிகளை அறிய மேலும் இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. 2⁶⁷ − 1 என்பதன் பகாக் காரணி எதுவும் 134k + 1 என்னும் வடிவில் அமைந்து, 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி தர வேண்டும். இவ்விரு நிபந்தனைகளாலும் வடிகட்டிய பின்னரும், சிறிய காரணியை எட்டும்வரை 7,22,790 எண்கள் எஞ்சுகின்றன. அமெரிக்கக் கணிதவியலாளர் பிராங்க் நெல்சன் கோல் இருபடி எச்சங்களைக் கொண்டு தேடற்பரப்பைச் சுருக்கி, 1903இல் 193707721 × 761838257287 என்னும் பகுப்பை அறிவித்தார். அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையிலேயே அவர் இதனைப் பெருக்கிக் காட்டினார் என்னும் செய்தி எரிக் டெம்பிள் பெல்லின் எழுத்து வழியே பரவியது. அந்நிகழ்வுக்கு நெடுங்காலத்திற்குப் பின் எழுதப்பட்ட அக்கூற்றை முதன்மைச் சான்றாகக் கொள்வதற்கில்லை. பகுப்பின் உண்மையோ எந்தச் சாட்சியையும் சார்ந்திருக்கவில்லை; பெருக்கிப் பார்க்கும் எவரும் அதனைச் சரிபார்க்கலாம்.

61 என்பதே 67 எனப் பிழையாக அச்சாயிற்று என்று கருதியோரும் உண்டு. 2⁶¹ − 1 பகா எண் என்பதை 1883இல் இவான் பெர்வூசின் நிறுவியது அக்கருத்துக்கு இடமளித்தது. எனினும் 89, 107 ஆகிய அடுக்குகள் விடுபட்டமையும், 257 தவறாகச் சேர்ந்தமையும் பின்னர்த் தெளிவாயின. எனவே ஓர் அச்சுப்பிழையைத் திருத்துவதால் மட்டும் பட்டியலைக் காப்பாற்ற இயலாது.

1876க்கும் 1903க்கும் இடைப்பட்ட காலம், ‘பகுபடும்’ என அறிவதும் ‘இவற்றால் பகுபடும்’ என அறிவதும் வெவ்வேறு அறிவுகள் என்பதைக் காட்டுகிறது. 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர், எந்த எண்ணும் பகா எண்ணா என்பதைப் பல்லுறுப்புக் கோவை அளவிலான நேரத்தில் தீர்மானிக்கலாம் என நிறுவினர். காரணி காண்பதற்கு அத்தகைய வழி வழக்கமான கணினிகளுக்கு இன்றும் அறியப்படவில்லை. 1977இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையீட்டு முறையின் பாதுகாப்பு இந்த இடைவெளியையே நம்பியுள்ளது. லூகாவையும் கோலையும் பிரித்த இருபத்தேழு ஆண்டுகள் அவ்விடைவெளியின் தொடக்ககாலச் சான்றாகும்.